அடுப்படியில் என் குரல்

எதிர்வீட்டுக்காரர் தன் அண்ணன் இறந்துபோன செய்தியைச் சொன்னபோது, "அப்படியா, எப்ப திரும்பி வாராக?" என்று கேட்டுவிட்டேன்.

ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் நடந்தது இது. நானும் என் மனைவியும் விருதுநகர் போவதற்காக நின்றுகொண்டிருந்தோம். அவர் வேகவேகமாக வந்து ஏதோ சொன்னார். அதில் "அண்ணன் போயிட்டாக" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்ன நெஞ்சுவலியும், பின்னால் சொன்ன ஆஸ்பத்திரியும் லாரி இரைச்சலில் போய்விட்டன. அவருடைய அண்ணன் திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு அடிக்கடி போய் வருகிறவர். அந்த நினைப்பில்தான் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "போன எடத்துல தண்ணி வசதியெல்லாம் நல்லா இருக்குமே" என்று வேறு சொன்னேன்.

என் மனைவி முழங்கைக்கு மேலே பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 

"அவுகளுக்குக் காது சுத்தமாப் போச்சுண்ணே. மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள் என் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தாம்ணே, ஒன்னு கெடக்க ஒன்னு கேக்கும்" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னார். "இத மட்டும் அவுககிட்டச் சொல்லியிருந்தா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பாக."

அன்றைக்கு நாங்கள் விருதுநகர் போகவில்லை. அந்த வீட்டுக்குப் போய், போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை.

என் காது ஒரே நாளில் போய்விடவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டியே என் காலமெல்லாம் கழிந்தது. காலண்டர் சீசன் வந்துவிட்டால் அத்தனை மெஷினும் ராப்பகலாக ஓடும். பக்கத்தில் நிற்கிறவன் வாய்தான் அசையும், சத்தம் வராது. அதனால் எங்களுக்குள் கைபாஷை ஒன்று இருந்தது. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தால் மை போதவில்லை என்று அர்த்தம். உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்துப் பிரித்தால் தாள் ஒட்டுகிறது என்று அர்த்தம். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் எங்களால் கத்தாமல் பேச முடியாது. என் மகள் சின்ன வயதில், அப்பா எப்போதும் கோபமாகவே இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். நானோ அவளிடம் "சாப்பிட்டியா தாயி" என்றுதான் கேட்டிருப்பேன்.

வேலையை விட்டு நின்ற பிறகு, முதலில் போனது கொசுவின் சத்தம். அதை ஒரு வரமாகவே நினைத்தேன். அடுத்து குக்கர் விசில் போனது. அதற்கடுத்து, ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்து மட்டும் போக ஆரம்பித்தது. தேங்காய் வாங்கி வரச் சொன்னால் மாங்காய் வாங்கி வந்தேன். என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு இட்லிக்கு மாங்காய்ப் பச்சடி. நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் அவளுடைய குரலும் போனது. அவள் முகத்துக்கு நேராக வந்து சொன்னால் கேட்கும். முதுகைத் திருப்பிக்கொண்டால் கேட்காது. இதை நாங்கள் இருவருமே ஒரு குறையாகப் பேசிக்கொண்டதில்லை. மழை இல்லாத வருஷத்தை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டோம்.

மகள் மதுரையில் இருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நடந்ததை அவளுடைய அம்மா போனில் சொல்லி, இரண்டு பேரும் நன்றாகச் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு மகளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வாரமே கிளம்பி வந்து, என்னை விருதுநகரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அங்கே என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் வரிசையாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். வெளியே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"தாத்தா, நான் இன்னும் சத்தமே போடலையே, எதுக்கு அமுக்குறீங்க?"

"நீ மெனக்கெட்டு உக்காந்திருக்கியேம்மா" என்றேன். உண்மையும் அதுதான். அந்தப் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு ஆர்வமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க மனசு வரவில்லை.

சில நாள் கழித்து காது மெஷின் வந்தது. இரண்டு காதுக்கும் இரண்டு, அவரை விதை அளவில். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். அத்தனை வருஷமாக இப்படியா தேய்த்துத் தேய்த்து நடந்திருக்கிறேன் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பளத்தைக் கடித்தேன். யாரோ மண்டைக்குள் ஜல்லி உடைப்பது போல இருந்தது. மின்விசிறி முனகியது. குழாயில் தண்ணீர் சொட்டியது. அதை உடனே அடைத்தேன். அது எத்தனை மாதமாகச் சொட்டுகிறதோ, நான் இத்தனை நாளும் சாக்கடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்தான் தண்ணீரை வீணாக்குகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பகலில் தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே என் மனைவி கையில் கரண்டியோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள். மேற்குப் பக்கமாகப் பார்த்தாள். குழம்பு சொட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. அவளுடைய தங்கை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"ஒத்தச் சத்தந்தான்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, எனக்கா தனக்கா என்று தெரியாமல். "வெடியப் போட்டுப் பாக்குறாக போல."

அவள் இப்படி வாசலில் வந்து நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காற்று வாங்க நிற்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இப்படித்தான் தெனமும் நிக்கிறியா?"

"பின்ன? கேட்டா நிக்கத்தான செய்யணும்" என்று உள்ளே போய்விட்டாள். காது கேட்காமல் இருந்ததில் எனக்கு மிச்சமான பயத்தையெல்லாம் அவள் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து சத்தம் கேட்டால் நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாள் நடந்தது. காலையில் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது. போனில் தங்கையோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் போன் எனக்கு முன்னால் சார்ஜில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு முத்தலா இருக்கு. யாரு வாங்குனது இத?" என்றாள்.

அடுத்து தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு, குரலைத் தடிமனாக்கி, அவளே பதிலும் சொன்னாள். "நாந்தான் வாங்குனேன். உன்னையவே பாத்துக்கிட்டு இருந்த கண்ணுக்கு, எது பிஞ்சு எது முத்தல்னு எங்க தெரியுது?"

"க்கும். இதுல ஒன்னும் கொறச்சலில்ல" என்று மறுபடி தன் குரலுக்கு வந்து, சிரித்துக்கொண்டாள்.

பேப்பரை மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தடித்த குரல் யாருடையது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அது நான். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்தவனும் இல்லை. முத்தல் கத்தரிக்காய் என்று அவள் உண்மையிலேயே கேட்டிருந்தால், "கடையில இருந்தது அதுதான்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

எனக்குக் காது போன பிறகு, பேசி அலுத்துப்போய், அவள் என் பங்கையும் சேர்த்துப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை.

எனக்குக் கேட்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. மெஷின் இருந்தாலும் அடுப்படிவரை எட்டாது என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். தினமும் காலையில் பேப்பரோடு போய் உட்கார்வேன். ஒரே பக்கம் சமையல் முடியும்வரை கையில் இருக்கும்.

அடுப்படிக்குள் இருந்த அந்த ஆள் என்னைவிட நல்ல மனுஷன். மகளுக்கு வேலையில் ஊர் மாறுதல் கிடைக்காததைப் பற்றி அவள் கவலைப்பட்டால், "கெடைக்கும், நீ எதுக்குக் கெடந்து வேகுற?" என்பார். அவளுக்கு மூட்டு வலித்தால், "சித்த உக்காரு, குழம்பு என்ன ஓடியா போகப்போவுது?" என்பார். எதிர்வீட்டுக்காரர் அண்ணன் விஷயத்தைக்கூட அவர்கள் பேசினார்கள். "நீங்க கேட்டீகளே ஒரு கேள்வி" என்று அவள் ஆரம்பிக்க, "போனவக எல்லாம் திரும்பி வந்தா நல்லதுதான, அதான் கேட்டேன்" என்றார் அந்த ஆள். நான் அசடு வழிந்த இடத்தில் அவர் ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் பொறாமையும்தான்.

ஒருநாள் பேச்சு வெம்பக்கோட்டை அணைக்குப் போனது. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது. அணையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனேன். அந்த வருஷம் மழை பொய்த்துப்போய், அணையில் மருந்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அணை அணைன்னு கூட்டிட்டுப் போயி ஆட்டுப் புழுக்கையைக் காட்டுனீக" என்றாள் அவள். "காட்டிப்போட்டு, கருவ மரத்தடியில துண்ட விரிச்சுப் படுத்தவுகதான். பொழுது சாயுற மட்டும் தூக்கம். நான் புதுச் சேலையக் கட்டிக்கிட்டு ஆட்டுக்காரப் பொம்பளகூடப் பேசிக்கிட்டு இருந்தேன்."

தடித்த குரல் சொன்னது: "காலண்டர் சீசன்ல விடிய விடிய மெஷின் ஓட்டிப்போட்டு வந்தவன், தூங்காம என்ன செய்வான்? தூங்குற நாள்லயும் உன்னையக் கூட்டிட்டுப் போனேன்ல."

"அதுவும் சரித்தான்" என்றாள். "மேலெல்லாம் மை வாட. அந்த வாடையோட நீங்க தூங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஈ வந்துச்சு. முந்தானையால வெரட்டுனேன்."

 அந்த நாளை நான் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன். எனக்கு அது தண்ணீர் இல்லாத ஒரு வீண் பயணம். எழுந்தபோது அவள் முகம் வாடியிருந்தது என்றும், கோபமாக இருக்கிறாள் என்றும் நினைத்து, வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தேன். ஈயைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அதோடு அவள் விட்டிருந்தால் நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். "அப்பறம் கடைசி பஸ்ஸப் பிடிச்சு, உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே வந்தோம்" என்றாள். பஸ்ஸே வரவில்லை. பேப்பர் லோடு ஏற்றிய ஒரு லாரியில்தான் வந்தோம். டிரைவர் எனக்குத் தெரிந்தவர். அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் லோடு மேலே ஏறிக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் அவளுக்காகச் செய்த ஒரே வீரதீரச் செயல் அது. அதையே மறந்துவிட்டாளே என்று பொறுக்க முடியாமல், இருந்த இடத்திலிருந்தே கத்திவிட்டேன்.

"பஸ்ஸு இல்ல, லாரி!"

அடுப்படியில் சத்தம் நின்றது. கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. அவள் நிலைப்படிக்கு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"கேக்குதா?"

நான் பேப்பரைப் பார்த்தேன்.

"ஏங்க, உங்களத்தான். எம்புட்டு நாளாக் கேக்குது?"

"மெஷின் போட்டதுலேருந்து" என்றேன்.

 அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் அடுப்படி ஊமையாகிவிட்டது. குக்கர் விசில் கேட்டது, மிக்ஸி கேட்டது, வெங்காயம் வதங்குவதுகூடக் கேட்டது. பேச்சு மட்டும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே வந்து அளந்து சொன்னாள். "சாப்பிடுங்க." "பால்காரர் வந்துட்டாரு." "மாத்திரை." அடுப்படிக்குள் இருந்த அந்த நல்ல மனுஷனை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது.

மகள் போன் செய்தாள். "இப்ப நல்லாக் கேக்குதாப்பா?"

"நல்லாக் கேக்குது தாயி. கேக்கத்தான் ஒன்னுமில்ல."

அவளுக்கு அது புரியவில்லை. மெஷினைச் சரியாக மாட்டியிருக்கிறேனா என்று விசாரித்தாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காலையில் அவள் அடுப்பைப் பற்ற வைத்ததும் இரண்டு மெஷினையும் கழற்றி, டப்பாவில் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். "காது வலிக்குது" என்றேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். என் காதையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏங்க, காலடியில பாம்பு!" என்று கத்தினாளாம். இதைப் பிறகு அவளே சொன்னாள். நான் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினேனாம்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் வாய் அசையவில்லை. அதற்கடுத்த நாள் அசைந்தது. முன்னறையிலிருந்து பார்த்தால் அவளுடைய முகத்தில் பாதி தெரியும். உதடு அசையும். கழுத்தை நொடித்துக்கொள்வாள். தொண்டையைக் கனைக்கும்போது தோள் கொஞ்சம் நிமிரும். இப்போது நான் பேசுகிறேன் என்று தெரிந்துகொள்வேன். கரண்டியை மேலே தூக்கினால் எனக்கு ஏதோ திட்டு விழுகிறது. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இருவரும் சமாதானமாக இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பேப்பரைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டிவி பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். காதருகே கையைக் கொண்டுபோய், 'மாட்டுங்க' என்று சாடை காட்டினாள். மாட்டினேன்.

"சினிமாக் கொட்டகையில சத்தம் போன மாதிரி, ஆன்னு வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக. பாக்கச் சகிக்கல" என்றாள். "உள்ள வந்து இந்த வெங்காயத்த உரிங்க."

போனேன். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"ஒன்னு சொல்லிப்புடுறேன்" என்றாள். "நான் பேசுறது எல்லாமே உங்ககிட்டன்னு நெனச்சுக்கிடாதீக. பாதி அவுககிட்டப் பேசுறது. அதுல நீங்க நடுவுல வரக்கூடாது."

"எவுககிட்ட?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டாள்.

இப்போதெல்லாம் காலையில் அடுப்படியில் நாங்கள் மூன்று பேர். வெங்காயம், பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் என் பொறுப்பு. அவள் பேசப் பேச, இது எனக்கு, இது அவருக்கு என்று குரலிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மூட்டு வலி, மகள் வீட்டுக்கு எப்போது போவது, எதிர்வீட்டுக்காரர் கொடுத்த கருவேப்பிலைக் கன்று, இதெல்லாம் எனக்கு. பழைய கதையும் கேலியும் அவருக்கு. அவர் பதில் சொல்லும்போது நான் பூண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். சில நல்ல பதில்களை மனசில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் நானாகச் சொல்வதுபோல எடுத்துவிடுவதும் உண்டு. "இது அவுக சொன்னது" என்று உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

லாரிக் கதை மட்டும் இன்னும் தீரவில்லை. அவள் பஸ் என்றே நிற்கிறாள். அவரும் அவள் பக்கம்தான்.

நேற்று காலையில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே, "நான் அந்தக் காலத்துல எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள். குரலில் குழைவு இருந்தது. நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தவன் மாதிரி, "நல்லா இருந்த" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களையா கேட்டேன்?" என்றாள்.